சாப்பிட இறங்குகிறேன்

பிப்ரவரி 9

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அண்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன்னோடு பேசமாட்டார், நான் பேசுவதில் ஒரு சொல்லையும் விடமாட்டார். நீ கிரேன் ஓட்டப் போன நாளிலிருந்து இதே கூத்துதான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷனுக்கு, தன் தங்கை லீவரைப் பிடித்தால் மட்டும் மானம் போய்விடுகிறது. என்னத்தைச் சொல்ல!

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, "இப்பதான் சாப்பிட்டேன் அண்ணி" என்றாய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. ஏணி ஏறி வந்தாயா என்றால், இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாய். உட்கார்ந்த இடத்தில் எவளுக்கு இரைக்கும்? நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாய். மற்ற நாளில் உன்னைப் போனை வைக்கச் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

உண்மையை எழுது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்ற பிள்ளை. உன் பொய்யெல்லாம் எனக்கு மனப்பாடம்.

கடையில் பரீட்சைக் காலக் கூட்டம். ஜெராக்ஸ் இயந்திரமும் ஓயவில்லை, நானும் ஓயவில்லை. பதிலைக் கடை முகவரிக்கே அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதமாட்டேன். பார்த்துக்கொள்ளமாட்டாய்.

உன் அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

சண்டைக்கோழி நன்றாகவே கொக்கரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணனுடைய செய்தித்தாள் எப்படி இருக்கிறது?

பொய் சொல்லவில்லை, முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன்.

விடியும்போது கிரேனில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவேன். மேலே இருப்பது ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு நாற்காலி, கைக்கு இரண்டு பக்கமும் லீவர், காலடியில் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் மனிதர்கள் எல்லாம் வெறும் தலைக்கவசங்கள்தான். மஞ்சள் என்றால் கூலியாட்கள், வெள்ளை என்றால் இன்ஜினியர்கள். நடுவில் சாப்பிட இறங்கும் வழக்கம் இங்கே கிடையாது. கிரேன் நின்றால் எல்லாம் நின்றுவிடுமாம். கட்டடத்துக்கே நான்தான் அச்சாணி என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், வயிறு காயும்போது.

அதனால் ஏறுவதற்கு முன்பே மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையாக அடைத்துவிடுகிறேன். மெஸ்காரம்மா முதல் நாள், "இது எத்தனை பேருக்குப் பார்சல்?" என்று கேட்டார். "எல்லாம் இங்கேதான்" என்று வயிற்றைக் காட்டினேன். தண்ணீர் மட்டும் தொடமாட்டேன். மேலே மற்ற ஓட்டுநர்களுக்கு ஒரு காலி பாட்டில் போதும். எனக்குப் போதாது. இதற்குமேல் உங்களுக்கு விளக்கவேண்டாம்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள்ளே யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி அடிக்கும். மூச்சை இழுத்தால் பாதி வழி போய்த் திரும்பிவிடும். பிறகு தானே அடங்கிவிடும். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். எனக்கு மயக்கத்துக்குப் பதில் ஓட்டப்பந்தயம். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வதற்காகவே என்னோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

என்றும் உங்கள் சண்டைக்கோழி


மார்ச் 5

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

முழங்கால் அப்படியே. செய்தித்தாள் அப்படியே. உன் கடிதம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் கேட்கிறதற்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுது. சாப்பிட்டதும் இடுப்புப் பட்டியைத் தளர்த்தினால் மூச்சு கொஞ்சம் லேசாகிறதா? குனிந்து செருப்பு மாட்டினால் அதிகமாகிறதா? ஏப்பம் வந்தால் நெஞ்சுத் துடிப்பு குறைகிறதா, அல்லது வந்த ஏப்பமும் பாதியில் நின்றுவிடுகிறதா? படுத்தால் காதுக்குள்ளேயே இதயம் கேட்கிறதா? சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, எதுவும் பேசாமல் இருந்தால் அடங்குகிறதா? யாராவது அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் அவர்களை அடிக்கலாம் போல இருக்கிறதா?

இதில் பாதிக்கு ஆமாம் என்றால் நாளைக்கே டாக்டரைப் பார். வாயு என்று நீயே முடிவு செய்யாதே. வாயுவாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அதைச் சொல்லத்தான் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நெஞ்சு வலித்தாலோ கண் இருட்டினாலோ அந்தக் கணமே இறங்கு. கட்டடம் எங்கேயும் ஓடிவிடாது.

உன் அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதம்; கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே மேல்தளம் ஏறிக்கொண்டே போகிறது, அதோடு என் கிரேனும்.

நீங்கள் கேட்டதில் பாதிக்கு அல்ல, எல்லாவற்றுக்கும் ஆமாம். கடைசிக் கேள்விக்கு இரண்டு ஆமாம். ஆனாலும் டாக்டரிடம் போகமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். கம்பெனி டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் "இதயத் துடிப்பு அதிகம்" என்று ஒரு வரி எழுதினால் போதும், போர்மேன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவான். நான் வந்த முதல் நாளே "இது எத்தனை நாளைக்கு?" என்று என் காதுபடக் கேட்டவன். மூன்று வருஷமாக நான் ஒரு செங்கல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. அதுதான் அவனுக்கு அஜீரணம். என் அஜீரணத்தைக் காட்டி அவன் அஜீரணத்தைத் தீர்க்கச் சொல்கிறீர்களா?

இது என் நாற்காலி. நான் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, சொந்த அண்ணன் முகம் கொடுத்துப் பேசாமல் போனாலும் பரவாயில்லை என்று ஏறி உட்கார்ந்த நாற்காலி. ஒரு படபடப்புக்காக இறங்கிவிடமாட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும் அண்ணி. பாதியில் நிற்கிற ஏப்பம், காதுக்குள் கேட்கிற இதயம், இதெல்லாம் நான் உங்களுக்கு எழுதவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

சண்டைக்கோழி


ஏப்ரல் 6

சண்டைக்கோழிக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை.

கடைக்கு வருகிறவர்கள் ஆயிரம் பேசுகிறார்கள், காதில் விழுகிறது. நீ என்னை விசாரிக்கவேண்டாம்.

அந்த நாற்காலி உனக்கு வேண்டும் என்றால் அதில் உட்கார ஓர் ஆள் உயிரோடு வேண்டும். கம்பெனி டாக்டர் வேண்டாம் என்றால் வெளி டாக்டரிடம் போ. மூச்சு திணறுகிறவள் கையில் லீவர். கீழே மஞ்சள் தலைகள். உன் வீம்புக்கு அவர்கள் தலையைப் பணயம் வைக்காதே.

உன் அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் போன கடிதத்துக்குக் கோபத்தில் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், முழுசாக எழுதுகிறேன். பயப்படாதீர்கள், சுகமாகத்தான் இருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் கான்கிரீட் போடுகிற நாள். இருட்டும்வரை இறங்க முடியாது என்று வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டேன். ஏணியில் ஏறும்போதே நெஞ்சு படபடத்தது. நடுவில் ஒரு மேடையில் நின்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு மேலே போனேன்.

முதல் சுமை கம்பிக் கட்டு. தூக்கி, கிரேனின் கையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூச்சு வரவில்லை அண்ணி. வாயைத் திறந்து இழுத்தாலும் உள்ளே இடமில்லாத மாதிரி. காலடிக் கண்ணாடியில் மஞ்சள் தலைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கம்பிக் கட்டு அவர்களுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. சத்தியமாக உங்கள் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

கீழே எனக்குச் சைகை காட்டுகிறவருக்கு விசில் என்று பட்டப்பெயர். நல்ல மனுஷன். வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"விசில் அண்ணே, ஆளுங்கள ஒதுக்குங்க. கட்டை இறக்கப்போறேன்."

"இங்கயா தங்கச்சி? இன்னும் அந்தப் பக்கம் போகணுமே."

"இங்கதான். ஒதுக்குங்கன்னா ஒதுக்குங்க!"

ஊதினார் பாருங்கள் ஒரு விசில், மொத்த ஆட்களும் சிதறிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கட்டு தரையைத் தொட்டதும் லீவரை விட்டுக் கையை எடுத்தேன். அதற்குள் வாக்கி-டாக்கி போர்மேன் கைக்குப் போய்விட்டது.

"என்னம்மா விளையாடுறியா? கான்கிரீட் லாரி வரிசையா நிக்குது. தூக்கு!"

"தூக்கமாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு மூச்சு முட்டுது. இப்படியே தூக்கி எவன் தலையிலயாவது விழுந்தா, அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா?"

"பொம்பளைய ஏத்திவிட்டா இப்படித்தான்" என்றான். அவன் அழுத்தியிருந்தது பொது அலைவரிசை. மற்ற இரண்டு கிரேனிலும் நாங்கள் பேசியதெல்லாம் கேட்டது.

மூச்சு சீராகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனி டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் ஒரு பெண். ஈசிஜி எடுத்தார், நெஞ்சை ஸ்கேன் பார்த்தார், இரத்தம் எடுத்தார். கடைசியில் எதிரே உட்காரவைத்து, "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"ஒரே வேளை. ஆனா மூணு வேளைக்கும் சேர்த்து."

"இதயத்துல கோளாறு ஒண்ணும் தெரியல. ஆனா இரத்தம் ரொம்பக் குறைவா இருக்கு. ஒரே நேரத்துல இவ்வளவு கொட்டினா அதைச் செரிக்க இரத்தம் வயித்துப் பக்கம் ஓடும். மத்த உடம்புக்கும் அனுப்பணுமேன்னு இதயம் அடிச்சுக்குது. நிறைஞ்ச வயிறு மேலே தள்ளுது, மூச்சுக்கு இடம் பத்தல. தண்ணியும் குடிக்கிறதில்ல. உடம்பு வேற எப்படித்தான் கத்தும், சொல்லுங்க."

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், சாப்பிட்ட உடனே ஏணி ஏறக்கூடாது. மருந்துச்சீட்டில் இதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

இப்போது திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சண்டைக்கோழி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லையே? திட்டக்கூட மனசில்லையா? போனில் அண்ணன் எடுத்து, நான்தான் என்று தெரிந்ததும் எதுவும் பேசாமல் உங்களிடம் கொடுத்தார். நீங்கள் "சுகம், சுகம்" என்று வைத்துவிட்டீர்கள். அது நான் செய்கிற வேலை, நீங்கள் செய்கிற வேலை இல்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மானேஜர் கூப்பிட்டார். குளிர்சாதன அறை, தேநீர், பிஸ்கட், எல்லா மரியாதையும். ஸ்டோர் அறையில் உட்கார்ந்து ஆணி எண்ணுகிற வேலை தருகிறோம், உடம்புக்கு இதம் என்றார். "எனக்கு நோய் ஏணியில இல்ல சார், சாப்பாட்டு நேரத்துல. நடுவுல இறங்கிச் சாப்பிட விடுங்க, பெண்களுக்குன்னு ஒரு கழிவறை வையுங்க. நான் மேலேயே இருந்துக்கிறேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற போர்மேன் சிரித்தான். "யாரும்மா உன்னைச் சாப்பிட வேண்டாம்னு சொன்னது?"

என்ன பேச்சு பாருங்கள்! உண்மைதான், யாரும் சொல்லவில்லை. இறங்கினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். லாரி நிற்கிறது என்பார்கள். அடுத்த தளத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள். ஆனால் வாயைத் திறந்து "சாப்பிடாதே" என்று எவனும் சொல்லவில்லை. ஆணி எண்ணப் போகமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பிஸ்கட்டைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் மற்ற இரண்டு கிரேன் ஓட்டுநர்களும் என்னைத் தேடி மெஸ்ஸுக்கு வந்தார்கள். ஒருவருக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். கிரேனுக்குக்கூட இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் சாப்பிட்டதும் நெஞ்சு அடிக்குதும்மா. ஹார்ட்டுன்னு நினைச்சு வீட்ல சொல்லாம இருந்தேன். நீ மைக்குலயே சொல்லிட்டே" என்றார். இன்னொருவர் என் மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு தடவை படித்தார்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? எழுதுங்கள்.

சண்டைக்கோழி


ஜூன் 14

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். "யாரும்மா உன்னைச் சாப்பிட வேண்டாம்னு சொன்னது?" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எத்தனையோ வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிற வாக்கியம் அது.

எனக்கும் இருக்கிறது. உன்னுடையதைவிடப் பழையது.

காலையில் ஒரு வாய்த் தேநீரோடு கடையைத் திறக்கிறேன். உன் அண்ணன் மதிய வகுப்பெல்லாம் முடித்து வீடு வர நாலு மணி ஆகும். அவர் வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். அதற்குள் பசி செத்து, மறுபடி பிறந்து, பேயாகியிருக்கும். அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வேன். பிறகு கடைக்கு வந்து ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, புடவை முடிச்சைத் தளர்த்தி, சுவரில் சாய்ந்துகொள்வேன். நெஞ்சு அடிக்கிற அடியில் ரவிக்கை ஆடும். வாடிக்கையாளர் கேட்டால் இயந்திரச் சூடு என்பேன்.

காத்திருக்கச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் பசி தாங்காமல் முன்னாலேயே சாப்பிட்டேன். உன் அம்மா, மகராசி, ஒன்றும் சொல்லவில்லை. நான் தட்டைக் கழுவும்போது ஒரு பார்வை பார்த்தார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தப் பார்வை மட்டும் போகவில்லை.

உன்னை டாக்டரிடம் விரட்டிய நான் இதுவரை போகவில்லை. போன மாதம் கடையில் ஒரு தடவை கண் இருட்டியது. அதனால்தான் பதில் எழுதவில்லை. இப்போது திட்டவேண்டியது உன் முறை.

உன் அண்ணி


ஜூன் 20

அண்ணி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

கண் இருட்டினால் அந்தக் கணமே இறங்கு என்று எனக்கு எழுதியது யார்? உங்கள் கடையும் எங்கேயும் ஓடிவிடாது. கடிதம் கிடைத்ததும் ஷட்டரை இழுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு என்று சொன்னால் நான் லீவு போட்டு வந்து, தெருவில் நின்று சண்டை பிடிப்பேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்.

என் அம்மா பார்த்த பார்வைக்கு நான் மகள் என்ற முறையில் ரத்து உத்தரவு போடுகிறேன். அம்மாவும் எத்தனை வருஷம் எத்தனை பேருக்காகப் பசியோடு காத்திருந்தாரோ, நமக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று. ஜூலை முதல் தேதி மதியம் நாங்கள் மூன்று பேரும் கொக்கியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே இறங்கிச் சாப்பிடப் போகிறோம். மாப்பிள்ளை இஸ்திரி சட்டையோடு தயார். வேலை போனால் போகட்டும். நாங்கள் இறங்குகிற அதே நேரத்தில் நீங்களும் தட்டைப் போட்டு உட்காருங்கள். யாருக்காகவும் காத்திருக்கவேண்டாம். செய்வீர்களா மாட்டீர்களா?

சண்டைக்கோழி


ஜூலை 5

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

செய்தேன்.

முதலில் டாக்டர். எனக்கு இரத்தம் குறைவில்லையாம், அழுத்தம்தான் கூடுதலாம். இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வேளாவேளைக்கு, கொஞ்சமாக, மெதுவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்.

முதல் தேதி மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஒரு காகிதத்தில் "சாப்பாட்டு நேரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். வக்கீல் குமாஸ்தா ஒருவர் குனிந்து, "ஒரே ஒரு காப்பிதாம்மா" என்றார். "நானும் ஒரே ஒரு ஆள்தான் சார், சாப்பிட்டுட்டு வரேன்" என்றேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் வாய் இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நீ ஏணியில் இறங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாய் இறங்கியது.

நாலு மணிக்கு உன் அண்ணன் வந்தார். வழக்கம்போல உட்கார்ந்து, எதிரே தட்டு இல்லாததைப் பார்த்தார்.

"உன் தட்டு எங்க?"

"கழுவிக் கவுத்தாச்சு. நான் அப்பவே சாப்பிட்டேன்."

"நான் வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க. இனிமே தினமும் அப்படித்தான்."

"அப்ப நான்?"

"சாப்பாடு அடுப்புமேல இருக்கு. கை உங்ககிட்ட இருக்கு."

முகம் கடுகடு என்று ஆகிவிட்டது. "உன்னை யாரு காத்திருக்கச் சொன்னது? நான் சொன்னேனா?" என்று கத்தினார்.

"அதையேதாங்க நானும் சொல்றேன். நீங்க சொல்லல. ஆனா ஒரு நாளாவது 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்களா?"

எழுந்து சமையலறைக்குள் போனார். கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்க வீம்பு விடவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. எழுந்து போகாமல் இருந்ததுதான், சண்டைக்கோழி, சாப்பிட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த அறையிலிருந்து கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். மருந்து டப்பாவைப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னுடையதையும் சொன்னேன். மன்னித்துக்கொள். உன் கடிதங்களை எல்லாம் படித்துக் காட்டினேன்.

உன் கதை என்ன? இறங்கினாயா?

உன் அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

இறங்கினேன்! இரண்டு தடவை எழுதுகிறேன், இறங்கினேன்!

மூன்று கொக்கியும் மேலே ஏறி நின்றதும், கட்டடம் முழுக்க ஒரு அமைதி. சுத்தியல் சத்தம்கூட ஒவ்வொன்றாக நின்றது. நாங்கள் ஏணியில் இறங்கிவர, மஞ்சள் தலைகளெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். போர்மேன் ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டு இறங்குனீங்க?"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "யாருப்பா எங்களைச் சாப்பிட வேண்டாம்னு சொன்னது?" என்றார். விசில் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார்.

மணல் மேட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கொஞ்சமாக, மென்று, தண்ணீர் குடித்து. மானேஜர் வந்தார், மிரட்டினார், போனார், மறுபடி வந்தார். ஒரு வாரம் இப்படியே இழுத்தது. தினமும் இறங்கினோம். எனக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், மற்ற இருவருக்கும் இல்லை. அடுத்த நாள் அவர்கள் இருவரும் அலுவலகத்துக்குப் போய், "எங்க கடிதம் எங்க சார்?" என்று கேட்டு நின்றார்களாம். கடைசியில் மதிய நேரத்துக்கு மாற்று ஓட்டுநர் ஒருவரைப் போட்டார்கள். பெண்களுக்குக் கழிவறையும் வந்துவிட்டது, தகரக் கொட்டகைதான், ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. சித்தாள் பெண்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சும்மா உள்ளே போய் வந்தார்கள்.

எச்சரிக்கைக் கடிதத்தை அவர்கள் திரும்பப் பெறவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாப்பிட்டபின் நெஞ்சு எப்படி என்று கேட்பீர்கள். இப்போதும் சில நாள் கொஞ்சம் தட்டும். முன்பு போலக் கதவை உடைக்காது. மாத்திரை வேலை செய்ய மாதங்கள் ஆகுமாம்.

அண்ணன் என் கடிதங்களைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

உங்கள் சண்டைக்கோழி


ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று உன் அண்ணி கேட்கிறாள். இருந்தாலும் விசாரிக்கிறேன். நலமா?

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மதிய வகுப்பு நேரத்தை மாற்றிவிட்டேன். இப்போது உன் அண்ணி சாப்பிடும் நேரத்துக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அவளுக்கு அழுத்தம் குறைந்திருக்கிறது.

நீ கம்பிக் கட்டை நடுவிலேயே இறக்கியதை உன் அண்ணி படித்துக் காட்டினாள். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் முதல் நாள் நான் சொல்வது, ஓட்டுவது சுலபம், நிறுத்தத் தெரியவேண்டும் என்பதுதான். லாரிகள் வரிசையில் நிற்க, மேலதிகாரி கத்த, நீ நிறுத்தினாய். என்னிடம் படித்தவர்களில் அப்படிச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை. நீ என்னிடம் படிக்கவும் இல்லை.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. நேரில் வருகிறோம். நீ மதியம் இறங்குகிற நேரத்துக்கு வாசலில் நிற்போம். வெளியாட்களை உள்ளே விடுவார்களா என்று உன் விசில்காரரிடம் கேட்டு வை. விடமாட்டார்கள் என்றால் வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

மூன்று பேருக்கும் சாப்பாடு நான் சமைத்து எடுத்து வருகிறேன். கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாய். டாக்டர் சொன்னதற்காக இல்லை, சாப்பிட்டுப் பார்த்தால் உனக்கே தெரியும்.

உன் அண்ணன்